என் முடிச்சை அவிழ்த்தவள்

செப்டம்பர் 9
திருவனந்தபுரம் விமான நிலையம்

தீயணைப்பு நிலையத்தில் தினமும் நடந்ததை எழுதி எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்றபின் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்திருக்கிறது.

தாணுலிங்கம் ஆகிய நான், வயது ஐம்பத்தொன்பது, நாகர்கோவிலிலிருந்து கம்போடியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளுக்குத் தொண்டு வேலைக்காகப் புறப்பட்டிருக்கிறேன். ஏற்பாடு என்னுடையது இல்லை. என் மனைவி செண்பகத்தினுடையது.

"வீட்டுல இருந்துக்கிட்டு கேஸ் சிலிண்டர தெனமும் மோந்து மோந்து பாத்தா நான் எப்பிடிச் சமைக்கது? மகளுக்க கூடப் போயி நாலு பேருக்கு உபகாரமா இருந்துட்டு வாங்க" என்றாள்.

குழுவை நடத்துவது எங்கள் மகள் பகவதி. மூன்று ஆண்டுகளுக்கு முன் வங்கி வேலையை விட்டுவிட்டு இந்தத் தொண்டு அமைப்பில் சேர்ந்தாள். அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவளும் பதிலுக்கு ஒன்று சொன்னாள். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று சொல்ல முடியாது. அவள் அம்மா போனில் பேசும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன்.

அவள் ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறாள், அம்மா வழியாகத்தான். அங்கே அவள் தலைவி, நான் தொண்டர்களில் ஒருவன். அதிகாரம் பண்ணக்கூடாது. ஒப்புக்கொண்டேன். ஒரு நிலையத்தையே கட்டி மேய்த்தவனுக்குக் கட்டுப்பட்டு நடப்பது பெரிய காரியமா என்ன?

மாத்திரைகள் பையில் எங்கே இருக்கின்றன என்று செண்பகம் இரண்டு தடவை சொன்னாள். வாயுத் தொல்லைக்கு உள்ளவை.

செப்டம்பர் 11
கம்போடியா

பெரிய ஏரியின் கரையில், உயரமான கால்கள் மேல் நிற்கும் ஊர். மழைக்காலத்தில் ஏரி வீட்டுக்கடியில் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு மழைநீர்த் தொட்டி கட்டித் தருவது எங்கள் வேலை.

இங்கே விமான நிலையத்தில் பகவதி என்னைப் பார்த்ததும், "வாங்கப்பா. சாப்பிட்டேளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு மற்றவர்களுடைய பைகளை எண்ணப் போய்விட்டாள். வெயிலில் கறுத்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். செண்பகத்திடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

குழுவில் பல நாட்டுக்காரர்கள். தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள் கஸ்தூரி. மலேசியாவில் ஈப்போ நகரத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. "அங்கிள், நீங்க தலைவியோட அப்பாவா? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு லா" என்றாள்.

செப்டம்பர் 14

ஏணியில் தலைக்கவசம் இல்லாமல் ஏறினேன் என்று பகவதி எல்லோர் முன்னிலும் என்னைக் கீழே இறங்கச் சொன்னாள். ஏணி என்ற பொருளை அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். இறங்கினேன்.

செப்டம்பர் 15

தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஏறினேன்.

செப்டம்பர் 23

தொட்டி முடிந்தது. நேற்று சாயங்காலம் பெய்த மழையே அதை நிரப்பிவிட்டது. தலைமையாசிரியர் குழாயைத் திறந்தார். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு வந்து கையேந்திக் குடித்தார்கள். பகவதி அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். அந்த மொழியை எப்போது படித்தாள் என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

"போன வருஷம் ஆறு மாசம் இங்கதான் இருந்தாங்களாம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். இருந்த விவரம் தெரியும். மொழி படித்த விவரம்தான் தெரியாது.

நொதித்த மீனைக் குழைத்து ஒரு தொடுகறி வைக்கிறார்கள். மணம் நம் ஊர்க் கருவாட்டைத் தோற்கடித்துவிடும். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். இரவு நெஞ்சைக் கொஞ்சம் பிசைந்தது. மீன்தான் காரணம்.

அக்டோபர் 6
இந்தோனேசியா

சின்னத் தீவு. முழங்கால் வரை சேற்றில் நின்று அலையாத்திச் செடி நடுகிறோம். கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. இந்தச் செடிகள் வேர்விட்டு எழுந்தால் அலையைத் தடுத்து ஊரைக் காப்பாற்றும். நானும் கஸ்தூரியும் ஒரு வரிசை. "அங்கிள், நீங்க நடுறது கோடு போட்ட மாதிரி இருக்கு. என்னோடது பாம்பு போன மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். பகவதி வந்து பார்த்துவிட்டு, கோணலாக நட்டதுதான் நல்லது, அலையின் வேகம் குறையும் என்று சொல்லிப் போனாள்.

நாளை முதல் நானும் கோணலாக நட வேண்டும். நினைத்ததைவிடக் கஷ்டம்.

அக்டோபர் 19

வேலை முடிந்ததற்குப் பரிசாக எரிமலை ஏற்றம். விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்றாள் பகவதி, என்னைப் பார்த்துக்கொண்டே. நான் முதலில் கை தூக்கினேன்.

பாதிவரை நன்றாகவே ஏறினேன். அதற்குமேல் வெறும் சாம்பல் சரிவு. ஓரடி வைத்தால் அரையடி சறுக்குகிறது. கஸ்தூரிக்கு மூச்சு வாங்குவதுபோல் தெரிந்தது. அவளைத் தனியே விடக்கூடாதென்று நானும் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பகவதி இறங்கி வந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுவரைக்கும் போதும்ப்பா. இங்கயிருந்தே கடல் நல்லாத் தெரியும்."

"கஸ்தூரிக்கு முடியல்ல. அதுக்குத்தான் இருக்கேன்."

"சரிப்பா. கஸ்தூரியப் பாத்துக்கிடுங்க."

கஸ்தூரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பையிலிருந்து வாழைப்பழம் எடுத்து எனக்கு உரித்துத் தந்தாள். மேலே பகவதி முன்னால் போக, குழு முழுவதும் எறும்புச் சாரியாக அவள் பின்னால் ஏறியது. நடுவில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். அவள் திரும்பிவந்து, அவருடைய பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். உச்சியை அடைந்ததும் எல்லோரும் கையசைத்தார்கள். அவ்வளவு தூரத்திலும் எது அவள் என்று எனக்குத் தெரிந்தது.

அக்டோபர் 20

செண்பகம் போனில், "மூச்சு வாங்குதா? உண்மையச் சொல்லுங்க" என்றாள். இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்று சொன்னேன்.

நவம்பர் 5
பிலிப்பைன்ஸ்

மலையடிவாரத்தில் ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்கு நடுவே மேடான திட்டில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தொங்குபாலத்தில் நடந்து போகிறார்கள். புயல் அடித்தால் ஊர்ச்சனம் ஒதுங்குவதற்குக் கரையில் ஒரு கூடம் கட்டுகிறார்கள். கூரை போடுவது நம் வேலை.

பள்ளி ஆசிரியை மாரிசெல். சின்ன உருவம், பெரிய குரல். பகவதியும் அவளும் சகோதரிகள்போல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் தகப்பன் என்று தெரிந்ததும் மாரிசெல் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து வணங்கினாள். பெரியவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதையாம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பகவதி சிரித்தாள். மூன்று ஆண்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்.

நவம்பர் 12

மழை. கூரையில் தகடு அடித்தோம். நான் பிடித்துக் கொடுத்தேன், மேலே ஏறவில்லை. ஏறச் சொன்னால் ஏறியிருப்பேன்.

நவம்பர் 14

மழை விடவில்லை. வடக்கே போய்விடும் என்று சொன்ன புயல் இந்தப் பக்கம் திரும்புகிறதாம். நாளை பள்ளி விடுமுறை என்று அறிவித்திருக்கிறார்கள்.

நவம்பர் 16

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடுமுறை என்ற செய்தி ஆற்றுக்கு மேல்பக்கத்துக் குடிசைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கிருந்து ஏழு பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவதற்காக மாரிசெல் பாலத்தைக் கடந்து திட்டுக்குப் போனாள். அவள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து வெள்ளம் இறங்கியது. வேரோடு வந்த ஒரு மரம் மோதித் தொங்குபாலம் அறுந்தது.

நாங்கள் ஓடிப்போனபோது பிள்ளைகள் பள்ளித் திண்ணையின்மேல் நின்றார்கள். தண்ணீர் கீழ்ப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊர்ப் படகுகளை ஆறு கொண்டுபோய்விட்டது. நகரத்திலிருந்து மீட்புப் படை கிளம்பியிருந்தது. வழியில் மண்சரிவு, அன்று வந்து சேராது என்று தகவல். கரையில் தாய்மார்கள் அழுகிற சத்தம் ஆற்றின் இரைச்சலில் கேட்கவில்லை; வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

எல்லோரும் பகவதியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அவள் பதறவில்லை. கரையோரமாக மேலும் கீழும் நடந்து தண்ணீரைப் பார்த்தாள். நான் அவளிடம், பாலம் இருந்த இடம்தான் குறுகல், அங்கேயே கயிறு போடலாம் என்றேன்.

"அங்க வேண்டாம்ப்பா. பாலத்துக்க கம்பி தண்ணிக்குள்ள கெடக்கு. ஆள இழுத்து வச்சுக்கிடும். மேல இருந்து எறங்கணும். தண்ணிக்க ஒழுக்கே என்னத் திட்டுக்க தலைமாட்டுல கொண்டு சேத்திரும்."

"ஒன்னயா கொண்டு சேக்கும்? யாரு போறது?"

"நான்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. இத்தனை ஆண்டில் எத்தனை கிணறு, எத்தனை குளம், எத்தனை பெருவெள்ளம்! "தள்ளு, நான் போறேன்" என்று அவள் கையிலிருந்த மிதவைச் சட்டையைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"ஒங்க நெஞ்சுக்க காரியம் எனக்குத் தெரியும். பொறப்படுகதுக்கு முன்னயே அம்மா சொல்லிட்டா. நீங்களாச் சொல்லுவியன்னு மூணு நாடா பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க தண்ணியில எறங்கினா நான் பிள்ளையளப் பாப்பனா, ஒங்களப் பாப்பனா?"

மிதவைச் சட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

"கயிறு ஒங்க கையில இருந்தா நான் பயமில்லாம போவேன். வேற யாருக்க கையில குடுத்தாலும் பயந்துக்கிட்டுத்தான் போவேன்."

கயிற்றை வாங்கினேன்.

அவள் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாள். அவள் உடம்பில் கட்டிய மெல்லிய கயிறு என் கையில். பிள்ளைகள் வரும் தடித்த கயிற்றை, கரையில் கொஞ்சம் கீழே நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் நான் கட்ட வேண்டும். திட்டின் தலைப்பக்கத்து மரத்தில் மறுமுனையை அவள் கட்டுவாள். கயிறு கீழ்நோக்கிச் சாய்ந்து நின்றால், அதில் கோத்த டிராக்டர் டியூபை ஆறே கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். இறங்கும் பிள்ளையைப் பிடிக்கக் கஸ்தூரி இடுப்புவரை தண்ணீரில் நிற்க வேண்டும். அவளை ஊர் ஆண்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் மரத்தில் முடிச்சுப் போட்டேன். மழையில் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. புறப்படுவதற்கு முன் பகவதி வந்து அந்த முடிச்சைப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். ஊர் முழுக்க நிற்கிறது.

"அப்பா, இது மறிச்சு விழுந்திருக்கு. அவுத்துக் கெட்டணும்" என்று சொல்லிக்கொண்டே அவளே அதை அவிழ்த்துவிட்டாள்.

என் பணிக்காலம் முழுவதிலும் என் முடிச்சை யாரும் அவிழ்த்தது கிடையாது. பெரிய அதிகாரிகள் வந்தால்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போவார்கள். குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. கயிறு தலைகீழாகச் சுற்றியிருந்தது. பாரம் ஏறினால் நழுவியிருக்கும். அதில் ஏழு பிள்ளைகளின் உயிர்.

மறுபடி கட்டினேன். மறுபடி அழுத்திப் பார்த்தாள். "இப்ப சரி" என்றாள்.

தகப்பன் முடிச்சாயிற்றே, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுப் போயிருந்தால் அவள் என் மகள். விடாமல் பார்த்தாளே, அவள்தான் தலைவி. அந்த நேரத்தில், அந்த மழையில், எனக்கு வந்த நிமிர்வை என்னவென்று சொல்வேன். பதக்கம் வாங்கிய அன்றும் அது வந்ததில்லை.

அவள் இறங்கினாள். ஆறு அவளைத் தூக்கிக்கொண்டு போனது. கால்களை முன்னால் நீட்டி, மல்லாந்து, கையால் துழாவித் துழாவித் திட்டின் பக்கம் சாய்ந்தாள். நான் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தேன். இழுத்துப் பிடித்தால் ஆறு அவளை அமுக்கிவிடும். பிடிக்கக்கூடாது, விட வேண்டும். ஒரு தகப்பனுக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை. ஒரு கட்டை அவளை நோக்கி வந்தது. நான் கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது, ஆனால் அவளே பார்த்துவிட்டாள். காலால் உதைத்துத் தள்ளினாள். அடுத்த கணம் மாரிசெல் அவள் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

மெல்லிய கயிற்றால் தடித்த கயிற்றையும் டியூபையும் திட்டுக்கு இழுத்துக் கட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. முதலில் வந்தது மிகச் சின்னது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டே வந்தது. கஸ்தூரி பிடித்தாள், மற்றவர்கள் வாங்கினார்கள், தாய் வாங்கினாள். வெற்று டியூபைத் திட்டிலிருந்து பகவதியும் மாரிசெல்லும் திருப்பி இழுத்தார்கள். அந்த முடிச்சில் கையை வைத்தபடியே நான் நின்றேன். நடுவில் நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் இருந்தது. இடது கை மரத்துப்போனது. அந்தக் கையாலேயே செண்பகம் சொல்லிவிட்ட மாத்திரையைத் துழாவி எடுத்து நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு, முடிச்சிலிருந்து வலது கையை மட்டும் எடுக்காமல் நின்றேன்.

ஏழாவது பிள்ளை. மாரிசெல். கடைசியில் பகவதி. அவள் கரையேறும்போது திட்டில் படிகள் எதுவும் தெரியவில்லை.

ஊர் அவளைச் சூழ்ந்துகொண்டது. அவள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "எவ்வளவு நேரமா?" என்றாள்.

"மூணாவது பிள்ளையில இருந்து."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ திரும்பிப் பாப்ப, மக்கா."

அவள் என் தலையைத் தன் நனைந்த தோளில் சாய்த்துக்கொண்டாள். மழை பெய்துகொண்டிருந்ததால் வேறு எதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது.

நவம்பர் 18
நகர மருத்துவமனை

பாதை திறந்ததும் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரத்தக் குழாயில் இரண்டு அடைப்பாம். வாயு இல்லை என்கிறார் டாக்டர். ஊருக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், ஆனால் தள்ளிப்போடக்கூடாது என்றார்.

செண்பகம் போனில் முதலில் அழுதாள். பிறகு ஏசினாள். ஏசியபோது உடம்பு தேவலாம்போல் இருந்தது.

நவம்பர் 20

பிள்ளைகளின் பெற்றோர் ஒரு ஜீப் நிறைய வந்தார்கள். என் கட்டிலைச் சுற்றி வாழைப்பழமும் அரிசிப் பலகாரமும். பாட்டுப் பாடிய அந்தச் சின்னப் பெண்ணும் வந்தாள். கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பலகாரம் முழுவதையும் அவளே தின்றாள்.

நவம்பர் 21

நாளை ஊருக்கு. கோலாலம்பூர் வரை கஸ்தூரியும் உடன் வருகிறாள். டாக்டர் சம்மதித்துவிட்டார்.

சாயங்காலம் பகவதி வந்தாள். உடை முழுக்கச் சேறு.

"நானும் வாறேன்ப்பா. ஆபீஸ்ல பேசிட்டேன். வேற ஒருத்தரு வந்து பொறுப்பெடுப்பாரு."

"எப்ப வருவாரு?"

"நாலஞ்சு நாளாவும்."

"புதுப் பாலத்துக்குத் தூணு எப்ப நாட்டணும்?"

அவள் உடையில் காய்ந்த சேற்றைச் சுரண்டினாள். நாளைக் காலையில்தான் என்று மாரிசெல் எனக்கு முன்னமே சொல்லியிருந்தாள். மறுபடி மழை வருவதற்குள் தூண் ஊன்றியாக வேண்டும்.

"ஆப்பரேசனுக்கு வா. அதுக்கு நாள் இருக்கு. நாளைக்கு நீ இங்க நிக்கணும்."

"இது ஒங்க ஸ்டேஷன் இல்லப்பா, உத்தரவு போடுகதுக்கு."

"இல்ல. ஒனக்க ஸ்டேஷன். அதுனாலதான் சொல்லுகேன்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, நான் வங்கி வேலையைப் பற்றி அன்றைக்குச் சொன்ன வார்த்தையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். நானும் ஒன்று சொன்னேன். இரண்டையும் இங்கே எழுத வேண்டியதில்லை. பேசி முடித்தபோது நர்ஸ் வந்து, பார்வை நேரம் முடிந்து வெகுநேரமாகிறது என்று பகவதியை விரட்டினாள்.

நவம்பர் 22
விமானத்தில்

விமான நிலையத்துக்குப் போகும் சாலை அந்த ஆற்றை ஒட்டித்தான் போகிறது. ஊர் நெருங்கியதும் கஸ்தூரி, "அங்கிள், அந்தப் பக்கம் பாருங்க" என்றாள்.

ஆறு வடிந்து பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஊரே கூடியிருந்தது. நீளமான தூண் ஒன்று கயிறுகளில் தொங்கி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும் கயிறு பிடித்திருந்தார்கள். நடுவில் ஒரு மேட்டின்மேல், மஞ்சள் தலைக்கவசத்தோடு பகவதி. ஒரு கையை உயர்த்தி அவர்களுடைய மொழியில் ஏதோ கத்தினாள். எல்லோரும் இழுத்தார்கள். கையை மடக்கினாள். நின்றார்கள்.

ஓட்டுநருக்கும் அவளைத் தெரியும். "ஹாரன் அடிக்கட்டுமா, சார்? உங்கள் மகள் திரும்பிப் பார்ப்பாள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கஸ்தூரியும், "ஒரு நிமிஷம் நிறுத்துவோமா அங்கிள்? கூப்பிட்டா ஓடி வந்துருவாங்க" என்றாள்.

தூண் பாதி உயரத்தில் நின்றது. அத்தனை கண்களும் அவள் கையில் இருந்தன.

வேண்டாம் என்றேன். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, சாலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனேன். தலைவி வேலையில் இருந்தாள்.